புடுங்கி வைத்த புத்தகம்

மைதாப் பசை புளித்துப்போனால் ஒரு வாடை வரும். அதில் பூச்சிக்காகப் போட்ட மயில்துத்தமும், பைண்டு செய்த காலிகோ துணியும், ஓட்டுக் கட்டடத்தின் மழைக்கால ஈரமும் கலந்தால் அதுதான் நூலகப் புத்தகத்தின் வாசனை. மற்றவர்கள் மூக்கைச் சுளிக்கும் அந்த வாசனை இத்தனை வயதுக்கு மேலும் எனக்குப் பசியைக் கிளப்புகிறது, கூடவே ஆத்திரத்தையும் கிளப்புகிறது. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் காரணம்: என் அம்மாவின் தம்பி தணிகாசலம் மாமா.

அறுபதுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, மாமாவுக்குத் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சொந்த ஊரான பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் வந்து போவது கஷ்டம் என்று, செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். திரும்பும்போது திருவள்ளூர் நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் கொண்டுவருவார். ஒன்று தலையணை தடிமனில் இருக்கும், அது மற்றவர்கள் பார்ப்பதற்கு. இன்னொன்று குழந்தைகள் அலமாரியிலிருந்து எடுத்த மாயாஜாலக் கதை, அது அவர் படிப்பதற்கு.

இதை நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறையில் யாருக்கோ விக்கல் எடுப்பது போலச் சத்தம் கேட்டு, தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். மாமா பாயில் குப்புறப் படுத்து, பெரிய புத்தகத்துக்குள் ஒரு சின்னப் புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கனத்த மீசை வைத்த, மாதச் சம்பளம் வாங்குகிற ஓர் ஆள், பேசும் கழுதையொன்று ராஜாவிடம் போய் மூன்று நாள் லீவு கேட்கும் இடத்தைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாட்டிக்கொண்டோமே என்று அசடு வழிந்தபடி, "ஆபீஸ்ல காலைலேர்ந்து நெஜத்தையே படிச்சிக்கினு கீறேன் கவுசி. ஊட்டுக்கு வந்தும் அதையேவா படிக்கிறது?" என்றார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

அவர் எனக்குக் கதை சொன்னதில்லை, படித்துக் காட்டியதும் இல்லை. ஒரே புத்தகத்தை இருவரும் தனித்தனியாக, கிடைத்த நேரத்தில் படிப்போம். அவர் நிறுத்திய பக்கத்தில் ஒரு பழைய அட்டை ரயில் டிக்கெட்டை வைப்பார். வேலைக்குச் சேர முதல் நாள் போனபோது வாங்கி, ஸ்டேஷன் வாசலில் கொடுக்காமல் எப்படியோ தப்பித்துக் கொண்டுவந்த டிக்கெட். நான் என் சிவப்பு ரிப்பனின் நுனியைக் கத்தரித்து வைப்பேன். அத்தியாயங்களுக்கு ரயில் நிலையங்களின் பெயரைச் சூட்டியிருந்தோம். "எந்த டேசன்ல கீற?" என்று அவர் கேட்டால், "வேப்பம்பட்டு தாண்டிட்டேன் மாமா" என்பேன். அவர் பட்டாபிராமில் இருப்பதாகச் சொல்லிப் பீற்றிக்கொள்வார். சட்டம் ஒன்றே ஒன்றுதான். முன்னால் போனவர் பின்னால் வருகிறவரிடம், அடுத்து என்ன நடக்கும் என்று மூச்சு விடக்கூடாது. சாப்பிடும்போது இந்தப் பேச்சைக் கேட்ட அப்பா, மாமா எனக்கு ரயில் மார்க்கம் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டார்.

லீவு கேட்ட அந்தக் கழுதை வருவது மூன்று பாகமுள்ள ஒரு கதையில். அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. அட்டையும் முதல் பக்கங்களும் என்றோ கிழிந்துபோய், காலிகோ துணி போட்டு பைண்டு செய்து, முதுகில் வெள்ளை மையால் பாகத்தின் எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள். நாங்களாக வைத்த பெயர் "உப்புக்கோட்டை". ஒரு மந்திரவாதி ஊர்க் குழந்தைகளின் நிழல்களைத் திருடிக்கொண்டு போய், முழுக்க உப்பால் கட்டிய கோட்டையில் ஜாடி ஜாடியாக அடைத்து வைத்திருக்கிறான். தன் நிழலைத் தேடி ஒரு சின்னப் பெண் அந்தக் கழுதையோடு கோட்டைக்குள் நுழைகிறாள். மழை பெய்தால் கோட்டை கரையும், நிழல்கள் தப்பிக்கும். ஆனால் அவள் அடியில் ஓர் அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், கரைகிற கோட்டை அவள் தலைமேல்தான் இடிந்து விழும். இரண்டாம் பாகம் முடிகிற பக்கத்தில், சுவரின் ஓட்டை வழியாக அவளுக்கு ஒரு கருமேகம் தெரிகிறது. அவ்வளவுதான், கதை அங்கே நிற்கிறது.

மூன்றாம் பாகத்தை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணைக் கோட்டைக்குள் அடைத்துவிட்டு எப்படித் தூங்குவது? மாமாதான் தேற்றினார். "வரட்டும் கவுசி. இந்த வாட்டி நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் தலையணைக்கடியில் வைத்து அவர் கருமேகத்தையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தார், நான் தினமும் சாயந்திரம் ஸ்டேஷன் கதவருகே போய் நின்று அவர் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். புதுவாயல் பக்கம் சொந்த நஞ்சையில் நெல் பயிரிடுகிற குடும்பம். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை இருக்கும் வீட்டைப் பார்ப்பதற்காக நான்கு பேரோடு வந்தார். உரத்த குரல், வெள்ளைச் சிரிப்பு, நல்ல மனிதர். அம்மா கேசரி கிளறி வைத்திருந்தாள். நாற்காலி போதாமல் அவர் மாமாவின் படுக்கைமேலேயே உட்கார்ந்து வசதியாகக் கையை ஊன்ற, தலையணைக்கடியிலிருந்து உப்புக்கோட்டை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தவர் விரித்த பக்கத்தில் கழுதையின் படம்.

"இன்னா நைனா இது, கயுதை படம் போட்ட புக்கு? யாரு படிக்கிறது?"

வந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. நான் தண்ணீர் டம்ளர்களோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேரும்தான்" என்று சொல்லப்போகிறார் என்று நம்பி, பெருமையோடு நிமிர்ந்துகூட நின்றேன்.

"பாப்பாவுதுங்க. ஸ்கூல் பொஸ்தகத்தைத் தொடாம எந்நேரமும் இதையே வெச்சிக்கினு கீது. அதான் புடுங்கி வெச்சேன்."

தன்னுடையது இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால், பெரியவர்களுக்குள் என்னவோ சங்கடம் என்று விட்டிருப்பேன். "புடுங்கி வெச்சேன்" என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தச் சொல்லில் நான் குற்றவாளியாகிவிட்டேன், அவர் காவல்காரர் ஆகிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா ஊட்டுப் புள்ளைய இம்மாம் பொறுப்பாப் பாத்துக்குறவரு, எங்க பொண்ண நல்லாப் பாத்துக்க மாட்டாரா?" என்று தன் ஆட்களிடம் சொன்னார். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவானது. என்னை விற்றுத்தான் மாமா பெண்டாட்டி வாங்கினார் என்று வெகுநாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் அப்பா என் அரையாண்டு மார்க் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். கணக்கில் நான் வாங்கியிருந்த மார்க்குக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது அவருக்கு. "பொம்பளப் புள்ள மந்திரம் மாயம்னு படிச்சிக்கினு பேஜாரு பண்ணிக்கினு கீறியா? இனிமே பாடப் பொஸ்தகத்தைத் தவிர ஒண்ணும் இந்த ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்றார். நான் சமையலறைக்கு ஓடி, படிப்பது மாமாதான் என்று அம்மாவிடம் அழுதேன். "தெரியும்டி. நல்ல எடம் அமைஞ்சிக் கீது, நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிச் சட்டியில் ஒட்டியிருந்த கேசரியைச் சுரண்டி என் கையில் வைத்தாள். ஆக, அவளுக்கும் தெரிந்தேயிருக்கிறது. அந்தக் கேசரியை நான் தின்றும் விட்டேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

மாமா தனியாக வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மறுநாளிலிருந்து செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார். "எந்த டேசன்" என்று அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. கல்யாணம் ஆனதும் திருவள்ளூரிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

முழுப் பரீட்சை லீவில் அம்மா என்னை அங்கே அழைத்துப் போனாள். புது அத்தை மோர் கொடுத்து, தலைவாரிவிட்டு, அன்பாகத்தான் இருந்தார். நான் மோரைக் குடித்துக்கொண்டே சுவர் அலமாரியைப் பார்த்தேன். மடித்த செய்தித்தாளுக்கு அடியில் காலிகோ முதுகு ஒன்று தெரிந்தது, அதில் வெள்ளை மையில் மூன்று. அட்டை டிக்கெட்டின் முனை கடைசிப் பக்கங்களுக்கிடையில் நீட்டிக்கொண்டிருந்தது. என்னை முன்னால் போகச் சொன்னவர் எனக்குத் தெரியாமல் கடைசி ஸ்டேஷன் வரை போய் இறங்கியிருந்தார். ஆனாலும் அந்தப் பெண்ணின் கதி தெரியவேண்டுமே. மாமாவின் பக்கத்தில் போய், காதோடு, "மழை வந்துச்சா மாமா?" என்று கேட்டேன்.

அவர் அத்தையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இன்னா மழை? வெளிய வெயில் கொளுத்திக்கினு கீது" என்றார், எல்லாருக்கும் கேட்கிறாற்போல.

கை எட்டும் தூரம்தான். எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. பத்து வயதில் வந்த ரோஷம், இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பத் தொடங்கியபோது, மின்கம்பி செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எல்லாப் பெண்களும் புடவை எடுத்தார்கள், நான் ஒரு குழந்தைகள் மாயாஜால நாவல் வாங்கினேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை. பெரியவர்களுக்கான நாவலில் ஒருவன் துரோகம் செய்தால், அவன் பக்கத்து நியாயத்தைப் பத்து அத்தியாயத்துக்கு எழுதுவார்கள், நாமும் தலையை ஆட்டிக்கொண்டே படிப்போம். குழந்தைகள் கதையில் நிழலைத் திருடியவன் திருடன்தான், அதற்கு மேல் பேச்சில்லை. சிறு வயதில் இந்தக் கறாரின் அருமை தெரியாது, அப்போது நமக்குக் கழுதை போதும். ஊரில் நாலு பேரைப் பார்த்து, நாலு இடத்தில் ஏமாந்த பிறகு படிக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரிகிறது. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, அந்த நாவல்களுக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு மடியில் வைத்துப் படிப்பேன். அட்டை எதற்குப் போட்டேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உப்புக்கோட்டையையும் தேடாமல் இல்லை. பழைய புத்தகக் கடைகளில் கதையைச் சொல்லிக் கேட்டால், "பேரு சொல்லும்மா" என்பார்கள். பெயர் தெரியாத புத்தகத்தை எங்கே தேடுவது? தெரிந்த ஒரே ஆளிடம் நான் மறுபடி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாமா இறந்தபோது மாலையோடு போய் நின்று, மற்றவர்களைப் போல நானும் அழுதுவிட்டு வந்தேன். மழை வந்ததா இல்லையா என்பது அவரோடு போயிற்று.

சமீப காலமாக எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தாள். என் தம்பி மகள் யாழினி, பத்து வயது, அடுத்த தெருவில் வீடு. என் பக்க அடையாளம் கேன்டீன் கூப்பன், அவளுடையது சாக்லேட் காகிதம். நாங்கள் இப்போது இருக்கும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரயில் பாதைக்கு ஏற்றபடி ஸ்டேஷன்களையும் மாற்றிக்கொண்டோம். "பொன்னேரி தாண்டிட்டேன் அத்தை, நீங்க இன்னும் மீஞ்சூரா?" என்று கேலி செய்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவளும் நானும் புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். கதை கவரைப்பேட்டையை நெருங்கிவிட்டதால் நான் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தேன். என் பிரிவில் வேலை செய்யும் பையன் ஒருவன் பைக்கை நிறுத்தினான். முப்பது பேருக்கு மேல் நான் தலைமை, என் குரல் கேட்டால் மெஷின்கூட ஒழுங்காக ஓடும் என்று எனக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அன்றைக்குக் காலண்டர் தாள் போடாத புத்தகத்தின் அட்டையிலிருந்த பறக்கும் பூனையை அவன்ப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், சின்னப் பசங்க புக்கு?" என்று சிரித்தான். அதில் கேலிகூட இல்லை.

"என்னுது இல்லப்பா, இவளோடது. எந்நேரமும் இதையே வெச்சிக்கினு இருக்கா. அதான் புடுங்கி வெச்சேன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாற்பது வருஷமாக அந்த வாக்கியம் என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படித்தான் நானும் அன்று மாமாவைப் பார்த்திருப்பேன், ஆனால் எதிரில் நிற்பவருக்கு அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதனால் மாமாவை மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. முன்பு ஒருவர்மேல் கோபமாக இருந்தேன், இப்போது இரண்டு பேர்மேல்.

அட்டை டிக்கெட் இப்போது எந்த ஸ்டேஷனிலும் இல்லை. செவ்வாப்பேட்டை வீட்டை விற்றாயிற்று. புதுப் புத்தகங்களில் பசையின் வாடையே வருவதில்லை. நேற்று சாயந்திரம் தம்பி வீட்டில் அந்தப் பூனைப் புத்தகத்தைத் திறந்தேன். என் கூப்பன் வைத்த பக்கத்திலேயே இருந்தது. சாக்லேட் காகிதத்தைக் காணோம்.

"எந்த ஸ்டேஷன்ல இருக்க யாழு?" என்று கேட்டேன்.

அவள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது என்னோட புக்குன்னு சொன்னீங்கள்ல அத்தை? அப்புறம் நீங்க ஏன் படிக்கிறீங்க?" என்று கையை நீட்டினாள்.

கூப்பனை எடுத்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தேன். எனக்கு இன்னும் ஐம்பது பக்கம் இருந்தது.