தேயிலைப் பெட்டி மூடியில் ஐஞ்சு நிரை

எனக்குப் பாட்டு வராது. இதை முதல்லயே சொல்லிடறேன். நான் வாயைத் திறந்து பாடினா பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும். கோயில் பஜனைக்கு என்னைக் கூப்பிடுவாங்க, சுண்டல் கிண்ட. ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். அப்பேர்ப்பட்ட நான் ஒரு மனுஷனுக்கு, அதுவும் கண்ணு தெரியாத மனுஷனுக்கு, அச்சடிச்ச பாட்டைப் படிக்கக் கத்துக்குடுத்தேன்னு சொன்னா யாரு நம்புவா? நம்பாட்டிப் போங்க.

அந்த மனுஷன் என் வீட்டுக்காரர். மலாயாவுல, கேமரன் மலையில, பிரிஞ்சாங்குக்குக் கீழ இருந்த தேயிலைத் தோட்டத்துல ரெண்டு பேருக்கும் வேலை. அவர் கவாத்து வெட்டுற ஆளு. வளந்த தேயிலைச் செடியை ஒரே மட்டத்துக்குக் கத்தியால சீவி விடுறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. கல்யாணமாகி மூணாவது வருஷம் அம்மை வந்துச்சு. உயிரை மட்டும் விட்டுவச்சுட்டு ரெண்டு கண்ணையும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அப்புறம் அவருக்குத் துணை கோயில் ஆர்மோனியம்தான். ஒரு பாட்டை ரெண்டு தடவை காதுல வாங்கினார்னா மூணாம் தடவை விரல்ல வந்துரும்.

வெள்ளைக்காரத் துரை இருந்த வரைக்கும் அவருக்கு பேக்டரியில காம்பு பொறுக்குற வேலை இருந்துச்சு. தடவிப் பாத்தே காம்பு வேற, இலை வேறன்னு பிரிச்சுருவார். பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை மூட்டையைக் கட்டிட்டான். தேயிலை வாங்க ஆளில்லாம பாதி மலையில செடியைப் புடுங்கிட்டு ஊபி நட்டோம். மரவள்ளிக் கிழங்கைத்தான் இங்க ஊபிம்போம்.

காலையில எல்லாரும் வரிசையா நின்னு, ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி பேர் கூப்பிட்டு, வேலை பிரிச்சுக் குடுக்குறதுக்குப் பெரட்டுன்னு பேரு. புதுசா வந்த ஜப்பான் அதிகாரி பெரட்டுல ஒவ்வொரு ஆளா உத்துப் பாத்துக்கிட்டே வந்தான். என் வீட்டுக்காரர் முகத்துக்கு முன்னால கையை ஆட்டிப் பாத்தான். அவ்வளவுதான், பேரை அடிச்சுட்டான். பெரட்டுல பேர் உள்ளவனுக்குத்தான் அரிசி. பேரில்லாதவன் ஊபியைத் தின்னுட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

அரிசி கிடக்கட்டும், என் பங்கை ரெண்டாப் பிரிச்சா போச்சு. இவர் தொட மாட்டேன்னுட்டார். "உன் பேருக்கு வந்த அரிசி. நீ தின்னு." நான் கத்துவேன். "கட்டுன பொண்டாட்டி சோத்துல என்னய்யா மானம் போகுது?" அவர் ஊபியை உரிச்சு உரிச்சுத் தின்னுட்டு எந்திரிச்சுருவார். காலையில பெரட்டு மணி அடிச்சா மட்டும் பழக்கதோஷத்துல துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிப்பார். பேர் கூப்பிடுற சத்தம் அங்க வரைக்கும் கேக்கும். அவர் பேர் வர வேண்டிய இடத்துல அடுத்தவன் பேர் வரும். திரும்பி உள்ள போயிருவாராம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதுலேருந்து எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல.

ஒருநாள் பெரட்டுல அந்த அதிகாரி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். அவன் சொன்னதைக் கிராணி தமிழ்ல சொன்னார். இனிமே தினம் இந்தப் பாட்டு வாசிச்சுட்டுத்தான் வேலை ஆரம்பம். கோயில்ல ஆர்மோனியம் இருக்காமே, வாசிக்கிறவன் யாரு? அவனுக்கு அதுவே வேலை, அவன் பேரும் பெரட்டுல ஏறும்.

நான்தான் வாயைத் திறந்தேன். "என் வீட்டுக்காரர் வாசிப்பாருங்கையா." எந்த ஆளுன்னு தெரிஞ்சதும் அதிகாரி சிரிச்சான். கண்ணில்லாதவன் தாளை எப்படிப் படிப்பான்னு கேட்டான். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. கோவம் வந்தா எனக்கு முன்னபின்ன தெரியாது. "நான் படிச்சுச் சொல்றேன். பத்து நாள் குடுக்கச் சொல்லுங்க"ன்னேன். கிராணி என்னைப் பாத்து முழிச்சார். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்னு அவருக்குத் தெரியும். இருந்தாலும் அப்படியே சொல்லிட்டார். நல்ல மனுஷன்.

தாளைக் கையில வாங்கிப் பாத்த பிறகுதான் மாட்டிக்கிட்டது தெரிஞ்சுது. ஐஞ்சு ஐஞ்சு கோடா நாலு கட்டு. கோட்டு மேலயும் நடுவுலயும் தலைப்பிரட்டை நீந்துற கணக்கா வாலும் தலையுமா என்னென்னமோ. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். இவர் "சரி, பாடிக் காட்டு"ன்னார்.

"யாரு, நானா?"

ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு சிரிச்சோம். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் அன்னைக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சார்.

கிராணி மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவர், அச்சடிச்ச பாட்டைப் படிக்கத் தெரியும். ஆனா மறுநாளே அவரைத் தானா ராத்தா டவுன் ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்க. கோயில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினேன், லோரி உறுமிக்கிட்டு நிக்குது. ஒரு காலைப் படியில வச்சுக்கிட்டே அவசர அவசரமாச் சொன்னார். "முதல் கோடு இந்தக் கட்டை. அதுக்கும் ரெண்டாம் கோட்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு, வலப்பக்கத்து வெள்ளைக் கட்டை. ரெண்டாம் கோடு, அதுக்கும் அடுத்தது. அப்படியே வரிசையாப் போகும். உள்ள கறுப்பா இருந்தா ஒரு தட்டு. வெள்ளையா இருந்தா ரெண்டு தட்டு." ஆர்மோனியத்துல அந்த முதல் கட்டையில சுண்ணாம்பால ஒரு பொட்டும் வச்சுட்டு லோரியில ஏறிட்டார். என் பாட்டு வாத்தியார் எனக்குச் சொல்லிக்குடுத்தது அவ்வளவுதான்.

பேக்டரியில தேயிலைப் பெட்டி மூடி குமிஞ்சு கிடந்துச்சு. நாலு மூடி எடுத்தேன், ஒரு கட்டுக்கு ஒரு மூடி. ரெண்டு பக்கமும் பெட்டி ஆணி அடிச்சு, சணல் நூலை ஐஞ்சு வரிசையா இழுத்துக் கட்டினேன். அவர் விரலை வச்சுப் பாத்தார். கவாத்துக் கத்தி புடிச்ச விரல், சும்மா ஊபிக் கிழங்கு தண்டிக்கு இருக்கும். ஒரே நேரத்துல மூணு நூலைத் தொட்டுருச்சு. அவுத்துட்டு, நூலுக்கு நூல் ஒரு விரல் அகலம் விட்டுத் திரும்பக் கட்டினேன்.

கறுப்புக்குப் புளியங்கொட்டை. வெள்ளைக்கு ஓட்டை வச்ச சட்டைப் பொத்தான். பொத்தானுக்காக பிரிஞ்சாங்குல கடைக்கார நானாகிட்டப் போனேன். "ஊர்ல எவன்கிட்டயும் சட்டையே இல்ல, உனக்குப் பொத்தான் எதுக்கு தங்கச்சி?"ன்னார். பாட்டுக்குன்னேன். என்னை ஏற இறங்கப் பாத்தார். பஞ்சத்துல இவளுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு நினைச்சுருப்பார் போல, ஒரு டப்பா நிறையப் பொத்தானைக் குடுத்து, "பத்திரமாப் போ தங்கச்சி"ன்னு பாவமாச் சொன்னார்.

ஊபி மாவுல பசை காச்சி எல்லாத்தையும் ஒட்டினேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா முதல் மூடி மொட்டையா இருக்குது. பசையோட சேத்து எலி தூக்கிட்டுப் போயிருச்சு. "ஏங்க, பாட்டை எலி தின்னுருச்சு"ன்னேன். "எந்த எலின்னு பாரு, அதுக்குப் பாட்டு வந்திருக்கும்"ங்கிறார்! நான் இங்க தலையில அடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இவருக்கு நக்கல். பிறகு மரத்துல வடிஞ்ச பிசினைச் சுரண்டிக் கொண்டாந்து ஒட்டினேன். எலி மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

அந்த வாலுங்களை மட்டும் நான் விட்டுட்டேன். தட்டுக்கும் கட்டைக்கும் சம்பந்தமில்லாத வாலு எதுக்குன்னு நினைச்சேன். தாள்ல வேற என்ன இருக்குதுன்னு அவர் கேட்டப்ப வாய் தவறி வாலைப் பத்திச் சொல்லிட்டேன். அவர் முகம் மாறிருச்சு. "கண்ணிருக்கிறவன் என்ன பாக்குறானோ அது எனக்கும் வேணும் புள்ள. நீயா கழிச்சுக் குடுக்காத." உக்காந்து ஒவ்வொரு தலைக்கும் ஈர்க்குச்சி ஒடிச்சு ஒட்டினேன், மேல போற வாலு மேல, கீழ போற வாலு கீழன்னு.

அடுத்து, கோட்டை எண்ணிக் காட்டணும். இதுல எனக்குக் குழப்பமே இல்ல. தேயிலைச் செடி வரிசையை நிரைன்னு சொல்லுவோம். பொறந்ததுலேருந்து பாத்துட்டிருக்கிற சங்கதி. கொழுந்து எடுக்கப் போனா, கங்காணி மலை உச்சியிலேருந்து முதல் நிரை, ரெண்டாம் நிரைன்னு கீழ பாத்துப் பிரிச்சுக் குடுப்பார். அவர் விரலைப் புடிச்சு மேல் நூல்ல வச்சேன். "இது முதல் நிரை. இங்க பொட்டு வச்ச கட்டை. கீழ இறங்க இறங்க வலப்பக்கம் போங்க." நிரைன்னு சொன்னதும் அவருக்கு டக்குன்னு புடிபட்டுருச்சு. நாலு நாள்ல நாலு மூடியும் மனப்பாடம்.

பாட்டுதான் என்னமோ வழிக்கு வரல. "என்ன புள்ள இது, தூக்க வேண்டிய இடத்துல எல்லாம் தொப்புன்னு விழுது. சாவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்குது"ன்னார். எனக்குத் தெரிஞ்சாத்தானே? "ஜப்பான்காரன் பாட்டு அப்படித்தான் இருக்கும். வாசிங்க பேசாம"ன்னு அதட்டிட்டேன்.

பத்தாம் நாள் பெரட்டு. பெஞ்சு மேல ஆர்மோனியம், பக்கத்துல நாலு மூடி. அவர் துவைச்ச வேட்டி கட்டி, தலை படிய வாரி உக்காந்திருந்தார். கிராணி கூடத் திரும்பி வந்துட்டார். என் வீட்டுக்காரர் துருத்தியை அமுக்கி வாசிக்க ஆரம்பிச்சார். ஒரு மூடி கூட முடியல, அதிகாரி வந்து ஆர்மோனியம் மேல படார்னு அடிச்சான். அவன் நல்லவன்னு நான் சொல்ல மாட்டேன். அவன்கிட்ட அறை வாங்கினவங்க எங்க லயத்துலயே உண்டு. அவன் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவரைத் தொட்டான்னா பாஞ்சுருவோம்னு முந்தானையை இழுத்துச் சொருகிட்டேன்.

அவன் கை ஓங்கல. விறைப்பா நின்னு, கோவத்தோட அந்தப் பாட்டைப் பாடினான். தொண்டை கட்டுன சேவல் தோத்துரும். யாருக்கும் சிரிக்கத் தைரியமில்ல. என் வீட்டுக்காரர் மட்டும் தலையைச் சாச்சுக் கேட்டுட்டே இருந்தார். அவன் நிறுத்தினதும், அத்தனை பேருக்கு நடுவுல என்னைப் பாத்துக் குரல் குடுத்தார்.

"புள்ள, நிரையை எங்கேருந்து எண்ணுன?"

"மேலேருந்துதான். எந்தத் தோட்டத்துலய்யா கீழேருந்து எண்ணுவான்?"

"அதானே"ன்னார் கங்காணி. கிராணி தலையில கையை வச்சுக்கிட்டார். "அடிப் பாவி, பாட்டுக்குக் கீழ் கோடும்மா முதல் கோடு!"

பத்து நாளா மலையைத் தலைகீழாக் கவுத்துப் போட்டு வச்சிருக்கேன். அவன் ஏறுற இடத்துல எல்லாம் இவர் இறங்கியிருக்கார். போச்சு, என் வாயால அவர் பேர் இனி ஜென்மத்துக்கும் ஏறாதுன்னு அங்கயே உக்காந்துட்டேன். அவரோ பதறவே இல்ல. முதல் மூடியை மடியில இழுத்து, கீழ் நூல்லேருந்து ஒரு தடவை தடவிப் பாத்தார். வாய்க்குள்ள என்னமோ எண்ணினார். மிச்ச மூணு மூடியைத் தொடக்கூட இல்ல. எந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு அவர் விரலுக்குத் தெரியும்.

வாசிச்சார். எனக்குச் சுரம் தெரியாதுதான், ஆனா முகம் தெரியும். கங்காணி வாய் பிளந்துச்சு. கிராணி காலால தாளம் போட்டார். அதிகாரி கண்ணை மூடிக்கிட்டு நின்னான். நாலு மூடியும் ஒரு பிசிறில்லாம முடிஞ்சுது. அவன் குனிஞ்சு ஒரு மூடியை எடுத்து, கண்ணை மூடினபடியே தடவிப் பாத்தான். விழப் போன ஒரு பொத்தானைக் கட்டைவிரலால அமுக்கி வச்சான். அப்புறம் ஆபீசுக்குள்ள போயிட்டான். உண்டுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அன்னைக்கு முழுக்க நான் கொழுந்து எடுத்தேனா கிளையை ஒடிச்சேனான்னு எனக்கே தெரியாது.

மறுநாள் மணி அடிச்சுது. வழக்கம்போல வாசல்ல நின்னவரைக் கையைப் புடிச்சுப் பெரட்டுக்கே இழுத்துட்டுப் போனேன். பாட்டு வாசிச்சு முடிச்சார். கிராணி பேர் கூப்பிட ஆரம்பிச்சார். கூப்பிட்டா ஜப்பான் பாஷையில "ஹாய்"னு சொல்லணும். ஒரு பேர் வந்துச்சு. பதில் இல்ல. கிராணி சிரிச்சுக்கிட்டே திரும்பவும் கூப்பிட்டார். நான் ஓடிப்போய் இவர் விலாவுல இடிச்சேன். "யோவ், நீதான்யா!"

"ஹாய்!"

அவர் போட்ட சத்தத்தை எதிர் மலை ரெண்டு தடவை திருப்பிச் சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அதிகாரி கூடச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

அன்னைக்கு அரிசி போடுற நாள். அவர் பேருக்கு வந்ததைத் தனியா ஒரு சட்டியில பொங்கி, அவர் தட்டுல போட்டு முன்னால வச்சேன். தடவிப் பாத்தார். ஒரு வாய் கூடத் தின்னாம, ரெண்டு கையாலயும் அள்ளிக்கிட்டு, என் தட்டு எங்க இருக்குதுன்னு முழங்கையால தேடி, அதுல போட்டார்.

"என் பேருக்கு வந்த அரிசி"ன்னார். "நீ தின்னு."

தின்னேன்.