மேல்மாடி மாதிரி வீடு

நான் துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவன். பொய்யை மீட்டர் கணக்கில் அளந்து கிழித்துக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. இப்போது அடுக்குமாடி வீடு விற்கிறேன். ஆகவே ‘இது நிஜமாக நடந்தது’ என்று நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டே படியுங்கள். இதில் நான் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் கட்டடம் நாற்பத்தொரு மாடி. இன்னும் யாரும் குடிவரவில்லை. உச்சியில் மாதிரிக்கென்று ஒரு வீடு வைத்திருந்தோம். வாங்க வருபவர்களை அங்கே ஏற்றிப்போய் மயக்குவது என் வேலை. அந்த வீட்டில் எதுவும் உண்மை கிடையாது. டிவி வெறும் அட்டை. புத்தகங்களுக்குள் பக்கம் இல்லை. குழாய்க்குப் பின்னால் தண்ணீர் இல்லை. கட்டில்கூட ஐந்தடிதான். கட்டில் சிறுத்தால் அறை பெருத்துத் தெரியும். தொழில் ரகசியம், வெளியே சொல்லிவிடாதீர்கள்.

அன்று சாயங்காலம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள்.

“இவ்வளவு உசரத்துல மனுஷன் இருப்பானா?” என்றார் கணவர். விலையைக் குறைக்க வருபவர்கள் எல்லாருக்கும் இதே குரல்தான்.

“சார், நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல உசரமாக் கட்டினதெல்லாம் கோபுரம். மனுஷன் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டுப் போயிடுவான். அப்புறம் மாடி வீடு வந்துச்சு. ஆனா ஏற ஏற வாடகை கம்மி. படியேறினா நாக்குத் தள்ளிடுமே! உச்சியில ஏழைதான் இருப்பான். லிஃப்ட் வந்துச்சு பாருங்க, ஏழை கீழ இறங்கிட்டான், நீங்க மேல வந்துட்டீங்க. இரும்புத் தூணும் உத்தரமும் வந்துச்சு, செவுத்துக்குச் சுமக்கற வேலையே போச்சு. வெறும் கண்ணாடி போதும்னு ஆயிடுச்சு.”

“வெறும் கண்ணாடிதானே?” என்றார் மனைவி. “அப்ப விலையைக் குறைங்க.”

எங்கள் கடையில் பிறந்திருக்க வேண்டிய பெண்மணி.

அவர்கள் போன பிறகும் நான் கிளம்பவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நான்கு மாதம். அழுகையே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போனால் அவள் சீப்பு, அவள் கண்ணாடிக் கூடு, அவள் மடித்த போர்வை. மாதிரி வீட்டில் எதுவும் யாருடையதும் இல்லை. இருட்டும்வரை அங்கே சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாட்களில் முதலில் கட்டில்தான் மாறியது. இரவு நான் விரிப்பை இழுத்து விரித்து வீட்டைப் பூட்டுவேன். காலையில் நான்தான் திறப்பேன். நடுவே மெத்தையில் ஒரு பள்ளம்... ஆள் படுத்து எழுந்தது போல. கால்மாட்டுப் பலகையின் மேல் விளிம்பில் தூசியில் இரண்டு தடம். குதிகால் வைத்த தடம்.

அடுத்து என் ஷூ. மாதிரி வீட்டு வாசலில் கழற்றிப் போட்டது ஆளுக்கொரு திசையில் கிடக்கும். ஒருநாள் உள்ளிருந்து வாசலுக்கு வந்தால் இரண்டும் ஜோடியாக, மூக்கு வெளிப்பக்கம் பார்த்து... மாட்டிக்கொண்டு ஓட வசதியாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரி தினமும் அப்படித்தான் திருப்பி வைப்பாள்.

எனக்குப் பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

“நீயா?” என்றேன்.

செருப்பைப் பார்த்தே ஆளின் பர்ஸை எடை போடுபவன் நான். அந்தக் குதிகால் தடத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் என் தோளுக்குத்தான் வருவாள். ஐந்தடிக் கட்டில் அவளுக்குத் தாராளம். தெரியும். ஆனாலும்... அவளாக இருந்தால் போதும் என்றிருந்தது.

தம்பதி வந்துபோன அந்த நாள், ஆறு நாற்பது இருக்கும். விளக்குப் போடவில்லை.

படுக்கை அறையில் சத்தம்.

கிரீச்... கிரீச்...

ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம்.

எழுந்து நின்றேன். அறைக்குள் போகவில்லை. வாசலிலிருந்தே சொன்னேன்.

“வா. வீட்டுக்குப் போலாம்.”

சத்தம் நின்றது.

லிஃப்டுக்குள் நுழைந்தேன். கதவு மூடப் போனது... திறந்தது. மறுபடி மூடப் போனது... திறந்தது. யாரோ குறுக்கே நிற்பது போல.

ஓரமாக நகர்ந்து இடம் விட்டேன்.

மூடிக்கொண்டது.

பின்னங்கழுத்தில் சில்லென்று காற்று. கூடவே ஒரு வாசனை. வினிகர் மாதிரி.

அவளுக்கு அந்த வாசனை கிடையாது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை...

வீட்டுக்கு வந்து எல்லா விளக்கையும் போட்டேன். ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். அவள் இல்லை.

மறுநாள் காலை வாட்ச்மேன் என்னை நிறுத்தினார்.

“சார், ராத்திரி ரவுண்டுக்கு மேல வந்தா தொடைக்கற சத்தம் கேக்கும்ல... நேத்து கேக்கல.”

“என்ன சத்தம்?”

“உங்ககிட்ட யாரும் சொல்லலையா? சொன்னா நீங்க எப்படி விப்பீங்க! கண்ணாடி மாட்டற ஆள் ஒருத்தன் இருந்தான் சார். நல்ல உசரம். தங்க இடமில்லாம மேலயே படுத்துக்குவான். படுக்கை அறைக் கண்ணாடிக்குப் பசை வெச்சுக்கிட்டிருந்தவன் அப்படியே வெளிய விழுந்து போயிட்டான். கிட்ட போனாலே அந்தப் பசை புளிச்ச வாடை அடிக்கும்.”

“அவன் வீட்டுல?”

“யாரும் வரல சார். கூட்டிட்டுப் போக ஆள் இல்லாமத்தான் அவன் இங்கயே சுத்தறான்னு பசங்க சொல்லுவாங்க.” என் முகத்தை உற்றுப் பார்த்தார். “நீங்க ஏதாச்சும் கூப்பிட்டீங்களா?”

லிஃப்டுக்குப் போனேன். பத்தரை மணிக்கு ஒரு டாக்டர் குடும்பம் வருவதாக இருந்தது. அவர்களுக்கும் கோபுரத்திலிருந்துதான் தொடங்கினேன். பேரம் படிந்தது.

யார் என்று கேட்காமல் கூட்டி வந்துவிட்டேன். அவ்வளவுதான். திருப்பிக் கொண்டுபோய் விடவும் தோன்றவில்லை. அவனுக்கும் வேறு வீடு இல்லையே.

நாலு நாள் கழித்து எதிர் வீட்டு அக்கா தெருவில் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா? நெட்டையா ஒருத்தர். நீங்க வேலைக்குப் போனதும் ஜன்னல் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே இருக்காரே.”

“ஆமாக்கா. சொந்தக்காரர்.”

“பாவம், நல்ல மனுஷன். ஆனா சொல்லி வைங்க தம்பி. மூணாவது மாடியில இப்படியா வெளிப்பக்கமா நின்னு தொடைப்பாங்க? பிடிச்சுக்க ஒரு கம்பிகூட இல்ல...”