மாப்பிள்ளை உட்கார்ந்த டாப்

அன்று மாலை மதுராந்தகத்தில், கோயில் வாசலில், அந்தக் காரைச் சுற்றி நின்றவர்கள்: காரின் சொந்தக்காரர், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மாமா, பெண்ணின் அப்பா, நாதஸ்வரக்காரர் இருவர், தவில்காரர் ஒருவர், தலையில் காஸ் விளக்கு சுமந்த நான்கு பெண்கள், பிறகு பையில் ஸ்பேனரோடு நான். மற்றவர்கள் இன்னும் சத்திரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜானவாசத்துக்கு, அதாவது கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, திறந்த கார் வேண்டும். மாமல்லபுரத்துக்காரர் ஒருவர் பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குத்தான் வாடகைக்கு விட்டுவந்தார். கேன்வாஸ் கூரை பின்சீட்டுக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். டாப் என்போம். சீட்டு தாழ்வு. மாலை போட்டு உட்கார்ந்தால் தெருவில் நிற்பவர்களுக்கு மாப்பிள்ளையின் தலைதான் தெரியும். அதனால் மாமாக்கள் அவரைத் தூக்கி, மடித்த டாப்பின்மேல் உட்கார வைத்துவிடுவார்கள். காரைச் செய்த வெள்ளைக்காரன் இதை எதிர்பார்த்திருக்க மாட்டான். வரிசையாக மாப்பிள்ளைகள் உட்கார்ந்ததில் ஒரு பக்கத்துக் கீல் வளைந்தது, மறுபக்கத்துக் கீல் உடைந்தது. டாப் மூடாமல் போயிற்று. ஐப்பசியில் ஒரு மாப்பிள்ளை முழுக்க நனைந்து, அந்த வீட்டார் வாடகையே தரவில்லை.

அதன்பிறகுதான் கார் சொந்தக்காரர் செங்கல்பட்டில் என் பட்டறைக்கு வந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டு, ஜீப்புக்கு டாப் தைத்துக்கொண்டிருந்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசி அது.

"அண்ணாத்த, இன்னொரு தபா மாப்ள நனைஞ்சான்னா வண்டிய வித்துட்டு சோடா கடைதான் வெக்கணும் நானு," என்றார். "மழையில மூடிச்சுன்னா மீதி துட்டு. மூடலன்னா அட்வான்சோட சரி."

ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்தே தூக்கம் போயிற்று.

பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் பலமுறை போனேன். ஜீப் கீல் இருந்தது, மிலிட்டரி லாரிக் கீல் இருந்தது. உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கடைக்காரர் ஒருவர், "இது காருதா, கொடையுதா?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். கிடைக்கவில்லை.

கடைசியில் முட்டுக்காட்டில் படகு பழுதுபார்ப்பவரிடம் ஒரு தடித்த ஸ்டெயின்லெஸ் தகடு கிடைத்தது. கடற்கரை வண்டிக்கு இரும்பு வைத்தால் துரு தின்றுவிடும் என்ற பயம் எனக்கு ஏற்கனவே இருந்தது. வளைந்த கீலை நிமிர்த்தி, அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கும் வரைந்தேன். சந்தேகத்தில் மறுபடி மறுபடி அளந்தேன். பழையதைவிடத் தடிமனாகவே அறுத்தேன். அதனால் மடித்த டாப் முன்னைவிட இரண்டு விரல் உயரமாக நின்றது. பட்டறையில் நூறு தடவையாவது திறந்து மூடியிருப்பேன். மேலே ஆளை உட்கார வைத்துப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

கோயில் வாசலில் மாமா வழக்கம்போல மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார். மாப்பிள்ளை நல்ல கனம்.

"சாமி, மேல வேணாங்க. கீலு புதுசு," என்றேன்.

"புதுசுன்னா நன்னாத் தாங்குமோன்னோ?" என்று சொல்லி, தூக்கி உட்கார வைத்துவிட்டார்.

ஊர்வலத்தில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நான் காருக்குப் பின்னால் நடந்தபடி கீலைப் பார்த்தேன். முதல் தெரு தாண்டியது. இரண்டாவது தெருமுனையில் தூறல் விழுந்து, அப்படியே வலுத்தது. மாப்பிள்ளை சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். சொந்தக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். டாப் தலைக்குமேல் விரிந்து, முன்கண்ணாடிச் சட்டத்தில் போய் உட்கார்ந்தது. கொக்கிகளை மாட்டினேன். ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை.

"மூடிக்கிச்சு," என்றார் சொந்தக்காரர், மெதுவாக.

மிச்சத் தெருக்களை மூடிய காரிலேயே சுற்றினோம். காஸ் விளக்குக்காரப் பெண்கள் நனைந்தார்கள், தவில்காரர் நனைந்தார், நான் நனைந்தேன். மாப்பிள்ளை மேல் ஒரு சொட்டு விழவில்லை.

சத்திரத்து வாசலில் பெண்ணின் அப்பா வாடகையில் பாதியை எண்ணி நீட்டினார்.

"மீதி?" என்றார் சொந்தக்காரர்.

"எதுக்கு? மாப்பிள்ளை மூஞ்சிய யார் பார்த்தா? பொட்டிக்குள்ள வச்சுக் கொண்டுவந்த மாதிரி ஆயிடுத்து. ஒரு கொடை பிடிச்சிருந்தாக்கூட முகம் தெரிஞ்சிருக்கும்."

"நனைஞ்சாலும் துட்டு இல்ல, நனையலன்னாலும் துட்டு இல்லன்னா இன்னா சாமி இது?"

பெண்ணின் அப்பா உள்ளே போய்விட்டார். மறுநாள் முகூர்த்தம், அவருக்கு ஆயிரம் வேலை.

சொந்தக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியே. பாதிதான் குட்தாரு. நான் இன்னா பண்றது?"

"டாப்பு மூடிச்சா, இல்லியா?"

"மூடிச்சு அண்ணாத்த. அதான் பேஜாரே."

அடுத்த முகூர்த்தத்தில் தருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். அதன்பிறகு வந்த மாப்பிள்ளைகளும் அந்த டாப்பின்மேல்தான் உட்கார்ந்தார்கள். கீல் அசையவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு இன்னும் வரவேண்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய்.