சங்கரன்கோவிலில் கிரகங்கள் செய்து தரப்படும்

விண்வெளிப் படம் செய்கிற தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: நான் காட்டிய இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரும் சண்டை போட முடியாது. மற்றபடி எல்லாம் உபத்திரவம்தான். கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கிரகம், நிலா, வால்நட்சத்திரம் என்று உருட்டி, சூரியன் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து, போட்டோ எடுத்தது போலவே ஆக்கித் தர வேண்டும். எங்கள் வீட்டு மாடி அறையில் ஏழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பு போன என் இனத்துக்காரர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மூச்சு வாங்கிய சனி

படத்தை அமைத்துக் கொடுத்துவிட்டால் ஒளியையும் நிழலையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு, புள்ளி புள்ளியாகப் படத்தை முடித்துத் தரும். ரெண்டர் என்போம். பெரிய படமென்றால் ஒரு பகல் முழுக்க ஓடும். உள்ளே இருக்கிற ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். சனிக் கிரகத்து வளையத்தில் லட்சக்கணக்கில் பனிக்கட்டியைத் தூவி, காலையில் ரெண்டர் போட்டுவிட்டு, மதினிக்கு வளைகாப்பு என்று போயிருந்தேன். சாயங்காலம் படத்தை அனுப்பியாக வேண்டும்.

திரும்பி வந்தால் அறையில் சத்தமே இல்லை. திரை கறுப்பாகக் கிடக்கிறது. பக்கத்தில் அப்பா பனை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். விசைத்தறி ஓட்டியே தலை நரைத்தவர். ஒரு மெஷின் சிரமப்படுகிற சத்தம் கேட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "என்னப்பா செஞ்சிய!" என்றேன், அழாத குறையாக. அவர் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இன்னும் நாலு விசிறு விசிறிவிட்டுச் சொன்னார்: "ஏட்டி கோமதி, அதுக்கு மூச்சு வாங்கிச்சு. பாவம், கொஞ்ச நேரம் படுத்துக் கெடக்கட்டும்னு அமத்திட்டேன்."

சொறி விழுந்த எலுமிச்சை

ஒரு அறிவியல் பத்திரிகைக்கு விண்கற்கள் வேண்டியிருந்தது. நான் செய்ததெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று வர, மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிஜமான ஒரு பொருளின் மேல்தோலைப் போட்டோ எடுத்துப் போர்த்தினால்தான் நிஜம் போல வரும். சிரட்டை, கருப்பட்டி, ஆட்டுரல் வரைக்கும் எடுத்துப் பார்த்தாயிற்று. அடுப்படி ஜன்னலில் காய்ந்துபோன ஒரு எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டதும் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு அண்ணாச்சி சாக்கை விரித்துப் பழத்தைக் கொட்டி வைத்திருந்தார். நல்ல பழத்தை ஒதுக்கிவிட்டு, சொறி விழுந்தது, முள் கீறியது, வெயிலில் சுருங்கியது என்று நான் பொறுக்குவதைப் பார்த்து, "ஊறுகாய்க்கா?" என்றார். "இல்ல அண்ணாச்சி, ஆகாசத்துக்கு" என்றேன். இருந்த சொத்தைப் பழத்தையெல்லாம் ஒரு பையில் போட்டு, பத்திரமாகப் போ என்று மட்டும் சொன்னார்.

படம் அட்டையில் வந்தது. ஒரு பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பெரிய கல்லில் இருந்த ஒரு வடுவின் மேல் விரலை வைத்து எடுத்தார். மழை கூடிப்போய் அந்த வருஷம் அவர் தோட்டம் பூராவும் சொறி விழுந்துவிட்டதாம். "ஒருத்தனும் என் பழத்தக் கையில எடுத்துப் பாக்கல தாயி. நீ கொண்டுபோயி நட்சத்திரத்துக்குப் பக்கத்துல வச்சிருக்க."

ஒரே படத்தில் ரெண்டு ஊர்

கடையநல்லூரிலிருந்து பாத்திமா வந்தாள். கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் வளைகுடாவுக்குப் போனவர். வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும்: உயரத்திலிருந்து பார்க்கிற பூமி, அதில் அவர் இருக்கிற இடத்தில் ஒரு விளக்கு, இவள் வீட்டில் ஒரு விளக்கு. என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "அம்புட்டு ஒசரத்துல இருந்து பாத்தா ஒரு வீட்டு வெளக்கு தெரியாதும்மா" என்றேன். "எனக்குத் தெரியும்லா அக்கா" என்றாள். பேசாமல் ரெண்டு விளக்கையும் ஏற்றினேன்.

முடிந்த படத்தைப் பெரிதாக அச்சடித்து மேஜையில் விரித்ததும் குனிந்து பார்த்தாள். அப்புறம் கட்டை விரலை ஒரு விளக்கிலும் சுண்டு விரலை இன்னொரு விளக்கிலும் ஊன்றினாள். சாண் முழுசாகக்கூட விரியவில்லை. "இம்புட்டுத்தானா? இதுக்கா வர முடியல, வர முடியலன்னு ரெண்டு வருசமா போன்ல சொல்லுதாக?"

தொட்டுப் பார்த்த நிலா

ராயகிரியில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், நிலாவைப் பெரிய படமாகச் செய்து கேட்டிருந்தார். படத்தை வாங்க வந்தபோது எட்டாம் வகுப்பு முத்துலட்சுமியையும் கூட்டி வந்தார். பிறந்ததிலிருந்து அவளுக்குப் பார்வை கிடையாது. டீச்சரும் நானும் படத்தை மெச்சிக்கொண்டிருக்க, அவள் மெதுவாகக் கேட்டாள்: "நிலா எப்படி இருக்கும்க்கா?"

வெள்ளையாக இருக்கும் என்றேன். வெள்ளை என்றால் அவளுக்கு என்ன? தோசை மாதிரி வட்டமாக என்றேன். "அப்ப தட்டையா?" என்றாள். இல்லை, பந்து என்றேன். பந்துக்கும் நிலாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். ஏழு வருஷமாக நிலா செய்கிறவள், படத்தைச் சுருட்டி டீச்சர் கையில் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. என் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற நிலா படமே இல்லை. மேடு பள்ளத்தோடு முழு உருண்டை. அதைக் கெட்டிப் பொருளாக வார்த்துத் தருகிற மெஷின் திருநெல்வேலியில் ஒருவரிடம் இருந்தது. விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே என்று, தெரிந்தே ஒரு பொய்யைச் செய்தேன்: பள்ளங்களையெல்லாம் நிஜத்தைவிட ஆழமாக்கினேன். முதலில் வந்தது பாதியில் கோணிப் போயிற்று. இரண்டாவது, தேங்காய் அளவில், ஒழுங்காக வந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு ராயகிரி பஸ்ஸில் போனேன். வகுப்பில் முத்துலட்சுமி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு பள்ளத்துக்குள் விரலை விட்டு விளிம்பைச் சுற்றினாள், அடுத்ததற்குப் போனாள், அதற்கும் அடுத்தது. நான் பொறுக்க மாட்டாமல், "எப்படிம்மா இருக்கு?" என்றேன். அவள் விரலை எடுக்காமலே சொன்னாள்: "நிலா அழகு, நிலா அழகுன்னு எல்லாரும் சொன்னாங்க. இம்புட்டு அடி வாங்கியிருக்குன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியேக்கா."

அண்டசராசரத்தையும் அச்சு அசலாகச் செய்யப்போகிறேன் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்; இதுவரை உருப்படியாகத் தெரிந்துகொண்டது, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், ராயகிரி என்று கிளம்புகிற மூன்று ரூட்டு மனுஷர்களைத்தான்.