சாவு மைக்கில் பரிசுப் பட்டியல்

சுந்தரராஜின் ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தால் ஆண்கள் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடுவார்கள். பெண்கள் குழாயை அடைப்பார்கள், டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். ஆட்டோவுக்கு மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். யார் செத்தார், அவர் யாருடைய அப்பா, யாருடைய மாமனார், அடக்கம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் ஊருக்கு வரும். வடசேரியிலிருந்து டவுன் பஸ் போய்த் திரும்புகிற அந்தப் பக்கத்து ஊர்களில் இந்துவோ கிறிஸ்தவரோ, கடைசியாக ஒரு தடவை சுந்தரராஜின் வாயில் விழுந்துதான் போக வேண்டும்.

குரல் அப்படி. ஒவ்வொரு வார்த்தையையும் சவப்பெட்டியை இறக்குவது போல மெதுவாக இறக்கி வைக்கிற குரல். அதை வேறு வேலைக்கும் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஜவுளிக்கடை ஷைஜு ஒருமுறை ஆடித் தள்ளுபடியைச் சொல்லச் சொன்னான். அன்று மாலை அவன் அப்பாவைப் பார்க்க ஏழெட்டுப் பேர் மாலையோடு வந்தார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்து பழரசம் குடித்துக்கொண்டிருந்தார். சேலை ஒன்றும் போகவில்லை.

அப்படியிருந்தும் நேசம்மாள் டீச்சர் கூப்பிட்டார்.

அவர் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள சின்னப் பள்ளிக்கூடம். பருவம் முடியும்போது வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டுவந்தார். போட்ட அடுத்த நிமிஷம் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து அதை மூடிவிடும். போன வருஷம் ஆண்டு விழாவுக்கு நாற்காலி எல்லாம் பிடித்துப் போட்டிருந்தார். சத்துணவு அக்காவும் நாற்காலிக்காரரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான் இந்த வருஷம் மைக்.

டீச்சர் ஒரு தாள் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஆண்டு விழா. அன்றே கடைசி வேலை நாள். பள்ளி திறப்பது ஜூனில். ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கை தொடங்கிவிட்டது. வீட்டுக்குப் போன சத்துணவுத் தட்டுகளைத் தயவுசெய்து திருப்பித் தரவும். அதன் கீழே பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயர்கள். கடைசிப் பெயர் நான்காம் வகுப்பு பிரீனா. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கான பரிசு.

பிரீனா சுந்தரராஜின் மகள். அவள் பெயரைத் தன் வாயால் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த இடத்திலேயே அவருக்கு ஆசை வந்துவிட்டது. வாடகையைப் பற்றிப் பேசாமலே தலையாட்டினார்.

வீட்டில் மனைவி ஜெஸ்பின் தலையாட்டவில்லை.

“செத்தவங்க பேரு சொல்லுத மைக்குல எனக்க பிள்ளைக்க பேரு வரப்பிடாது.”

மற்றப் பிள்ளைகள் பெயர் வரலாமா என்று கேட்டார். அது அந்தந்த அம்மைமாருக்க பாடு என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போனாள்.

புதன்கிழமை காலை முதல் சுற்று. சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். சுந்தரராஜ் சிரித்தார். சிரிப்பு ஸ்பீக்கர் வழியாகப் போகவில்லை. ஆனாலும் சத்துணவுத் தட்டு வரைக்கும் குழப்பமில்லை. பரிசுப் பெயர்களுக்கு வந்தபோதுதான், வெறுமனே தன்யா என்றால் எந்தத் தன்யா என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தார். யோசித்ததும் வாய் தனக்குப் பழக்கமான பாதையில் இறங்கிவிட்டது.

“ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் கணபதியப்பன் அவர்களின் அன்புப் பேத்தியும், எலக்ட்ரீசியன் பத்மகுமார் அவர்களின் மகளுமாகிய தன்யா அவர்கள்...”

இந்த இடத்தில் ஒரு மூச்சு விடுவது அவர் வழக்கம். விட்டார். அந்த ஒரு மூச்சுக்குள் ஊரில் பல காரியங்கள் நடந்துவிட்டன. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். எதிர்வீட்டுப் பெண் முந்தானையை வாயில் வைத்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்த கணபதியப்பன் தரைக்கு வந்திருந்தார்.

“...கையெழுத்துப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றுள்ளார் என்பதை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

கணபதியப்பன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஓய் சுந்தரராஜு, எனக்க பேத்தி வீட்டுல இருந்து இட்லி தின்னுகிட்டு இருக்கா. நீரு அவள என்னவாக்கும் செய்தேரு?”

“அவளுக்குப் பரிசு கிடைச்சிருக்கு அண்ணாச்சி.”

“முதல் பரிசா?”

“ரெண்டாவது.”

“ரெண்டாவதுக்கா என்னைக் கொல்லப் பாத்தேரு?”

அதற்கு மேல் சுந்தரராஜ் பெயர் எதையும் வாசிக்கவில்லை. பத்து மணிக்குள் பள்ளிக்கூடத்து வாசலில் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். பரிசு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மைக்கில் பிள்ளை பெயர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நேசம்மாள் டீச்சர் சுந்தரராஜைக் கூப்பிட்டு, நாளைக்குச் செய்தியை மட்டும் சொன்னால் போதும், பெயர்களை நான் விழாவில் வாசித்துக்கொள்கிறேன் என்றார். சுந்தரராஜ் தாளில் பெயர்கள் இருந்த பகுதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரியவர்கள் இப்படி. பள்ளிக்கூடத்துக்கு உள்ளே நிலவரம் வேறு. தன்யா அன்று காலையிலிருந்து ராணி. ஊரே அவளுக்காக வேட்டியை இறக்கி நின்றதாம், தாத்தா தரையில் விழுந்தாராம், வேறு யாருக்கு இது கிடைக்கும்? இன்டர்வலில் பிள்ளைகள் பிரீனாவிடம் வரிசையில் நின்றார்கள். அவள் படிக்கட்டில் ஏறி, தண்ணி பாட்டிலை வாய்க்கு முன்னால் பிடித்து, அப்பாவைப் போலவே மூச்சுவிட்டு ஒவ்வொருவராக அறிவித்தாள். ஜினோ என்ற பையன் தன் நாயின் பெயரையும் சொந்தத்தில் சேர்க்கச் சொன்னான். சேர்த்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் அப்பாவிடம் கேட்டாள்.

“எனக்க பேரு எப்பம் வரும்?”

பெயர் எல்லாம் இனி கிடையாது என்று சுந்தரராஜ் சொன்னார். டீச்சர் சொல்லிவிட்டார், அம்மையும் சொல்லிவிட்டாள் என்றார். டீச்சரை முதலில் சொன்னது அவருடைய சாமர்த்தியம்.

பிரீனா அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

“காய்ச்சலோட போனேன். மழையில செருப்பு போனப்பம் வெறுங்காலோட போனேன். எல்லாருமா சாவுமைக்குன்னு கூப்பிட்டப்பமும் போனேன்.”

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு கேட்டாள். ஜெஸ்பின் ஊற்றினாள். கரண்டி தட்டின் விளிம்பில் இடித்தது.

வியாழக்கிழமை காலை இரண்டாம் சுற்று. ஊர் இவ்வளவு கவனமாக ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்து எந்தப் பிள்ளையோ என்ற பயத்தில் விழா நேரத்தையும் சேர்க்கை விவரத்தையும் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஓடிவந்து சத்துணவுத் தட்டை ஆட்டோவிலேயே வைத்தார்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் வரவில்லை.

சொந்தத் தெருவை சுந்தரராஜ் கடைசிக்கு வைத்திருந்தார். ஜெஸ்பின் குடத்தோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் பிரீனா, சீருடை போட்டு, பை மாட்டி, எதிர்ச்சுவரில் ஏதோ எழுதியிருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் செய்தியை முழுக்க வாசித்தார். விழா, விடுமுறை, சேர்க்கை, தட்டு. முடிந்தது. மைக்கை அணைக்க வேண்டும். கை அங்கே போகவில்லை.

“காலஞ்சென்ற செல்வதாஸ் அவர்களின் அன்புப் பேத்தியும்...”

தெரு அப்படியே நின்றது.

“மைக்செட் சுந்தரராஜ், ஜெஸ்பின் தம்பதியரின் ஒரே மகளுமாகிய, நான்காம் வகுப்பு, செல்வி பிரீனா அவர்கள்...”

மூச்சு வந்தது. வழக்கமான மூச்சு இல்லை, கொஞ்சம் நீண்டுவிட்டது. இரண்டு ஸ்பீக்கரும் அதையும் ஒழுங்காக ஊருக்குச் சொல்லின.

“...வருஷம் முழுக்க ஒரு நாளும் விடாமல் பள்ளிக்கூடம் போனார். காய்ச்சலிலும் போனார். மழையிலும் போனார். நாளைய விழாவில் அதற்கான பரிசைப் பெறுகிறார்.”

மூன்றாவதை அவர் சொல்லவில்லை.

பிரீனா சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் ஷூவைப் பார்த்தாள். ஜெஸ்பின் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவுக்கு வந்தாள். சுந்தரராஜ் மைக்கை அணைத்தார். திட்டு விழும், விழட்டும் என்று முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“குவைத்துல இருக்க எனக்க அண்ணன் பேரு எங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண் சிவந்துதான் இருந்தது. குரல் சண்டைக்காரக் குரல்தான்.

“எபிசன் அவர்களின் அன்பு மருமகளும்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா நோவும்? உங்க அப்பா பேரு மட்டும் முதல்ல வந்துட்டு. நாளைக்கு அவன் கேட்டா நான் என்ன சொல்ல?”

குவைத்தில் இருப்பவன் எப்படிக் கேட்பான் என்று சுந்தரராஜ் கேட்கவில்லை. ஆட்டோவைத் தெருமுனை வரை பின்னால் எடுத்து, தொண்டையைச் செருமி, செல்வதாஸிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. பிரீனா பையை ஒருமுறை சரிசெய்துகொண்டு, மாமா பேர் வருகிறதா என்று கேட்க அங்கேயே நின்றாள்.