சிவப்பு நூல் முடிச்சு

ஊட்டிக் கடைக்காரர் படுக்கை விரிப்பை உதறியதும் புதுக் கஞ்சி வாடை வந்தது. என் கணவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். 1960-களில் இதே கடைத்தெருவில் அப்பாவும் அப்படித்தான் நின்றார்.

ஈரோட்டில் அப்பாவுக்குப் பதினெட்டுத் தறிகள். தறிக்கொட்டகைக்குள் அவர் கால் வைப்பதே அபூர்வம். கோடையில் அம்மாவையும் என்னையும் ஊட்டிக்குக் கூட்டிப்போய், கம்பளிக் கோட்டோடு கடை கடையாக ஏறி இறங்குவார். அந்தக் கோட்டுக்குள் மனிதர் வேர்த்துக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஏம்புள்ள, இதுதான் சீமைத் துணி. நம்மூர்ல நெய்யறதெல்லாம் கோணிச்சாக்கு" என்று ஒரு கடையில் படுக்கை விரிப்பைத் தடவியபடி அம்மாவிடம் சொன்னார் அப்பா. கடைக்காரர் மறுக்கவில்லை.

அம்மா விரிப்பின் மூலையைத் திருப்பினார். உள்மடிப்பில் சிவப்பு நூலில் இரட்டை முடிச்சு. எங்கள் தறியில் நெய்த ஒவ்வொரு விரிப்பையும் பிழை பார்த்துவிட்டு, வியாபாரிக்கு அனுப்பும் முன் அம்மா போடும் முடிச்சு அது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினார்.

"நல்லா இருக்குதுங்க. ரெண்டா வாங்கிக்குங்க" என்றார் அப்பாவிடம்.

சாகும்வரை அப்பா அதில்தான் படுத்தார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அம்மா ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்.

"நம்ம பக்கம் இப்படி நெய்ய ஆளிருக்குதா?" என்று இப்போது கேட்டார் என் கணவர். கடைக்காரரின் கட்டைவிரல் பாதி மறைத்திருந்த லேபிளில் ஈரோடு என்று இருந்தது.

"இல்லீங்க" என்றேன். "ரெண்டா வாங்கிக்குங்க."