கீழச்சிவல்பட்டி வீட்டில் இரண்டு விண்டோஸ்

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோஸ், அதாவது டூயல் பூட், போடுவது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி எங்கள் சர்வீஸ்காரர்கள் வாட்ஸப் குழுவில் கேட்டிருந்தார்கள். எப்படிப் போடுவது என்பதை இன்று எந்த வீடியோவைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவன் தேவையில்லை. போட்ட பிறகு நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். திட்ட வேண்டியவர்கள் யாரும் என்னை இதுவரை வாய் நிறையத் திட்டவில்லை.

காரைக்குடியில் இருபத்திரண்டு வருடம் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். எனக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. எந்த வீட்டு மெஷினில் என்ன இருக்கிறது என்பதை நோட்டில் குறிக்காமல் மண்டையிலேயே வைத்திருப்பேன். நான் கை வைத்த மெஷினில் இன்னொருவன் கை வைத்தால் அவனுக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. இந்த இரண்டாவதை நான் வேண்டுமென்றே செய்துவந்தேன். டிரைவுக்குப் பெயர் கொடுக்க மாட்டேன், எதையும் எழுதிக் கொடுக்க மாட்டேன், பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டேன். கஸ்டமர் திரும்ப நம்மையே கூப்பிட வேண்டும் அல்லவா? அதற்குத் தொழில் ரகசியம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

1. எக்ஸ்பி ஆச்சி

என் கஸ்டமர் வள்ளியம்மை ஆச்சிக்கு, இது நடந்தபோது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் தவறிவிட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். கீழச்சிவல்பட்டி வீட்டில் முக்கால்வாசி அறைகள் பூட்டியே கிடக்கும், முன்பக்கத்து அறை ஒன்றில் மட்டும் காலையிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்கும். ஆச்சி டிடிபி தெரிந்தவர். பழைய காலத்துப் பக்க வடிவமைப்பு சாப்ட்வேர், பழைய தமிழ் பாண்ட், தட்டச்சு வகுப்பில் பழகிய விரல். அந்த சாப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். புதிய விண்டோஸில் ஏற்றினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். யூனிகோடுக்கு மாறிவிடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"மாறலாம் தம்பி. அடிச்சு வச்சிருக்கிற நானூறு பக்கத்தையும் நீங்க உக்காந்து மாத்திக் குடுப்பீகளா?" என்று கேட்டார்.

அந்த நானூறு பக்கம் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர். பழைய திருப்பணி யார் செய்தது, எந்தத் தூண் எங்கிருந்து வந்தது, மேளக்காரர் குடும்பம் எத்தனை தலைமுறை, மடப்பள்ளியில் சமைத்தவர்கள் யார் யார் என்று நான்கு வருடமாக வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தார். துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வருவார், மெஷினில் அடித்து முடித்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். மலர் போடும் கோயில் கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். மலர் முழுசாக வந்து சேர்ந்தால் அட்டையில் தொகுப்பாசிரியர் என்று ஆச்சியின் பெயரைப் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த ஒப்புதலை வாங்கவே ஆச்சிக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆச்சியின் சமூகத்து வழக்கத்தில் கல்யாணமான தம்பதியைக் கோயிலில் ஒரு புள்ளி என்று எழுதுவார்கள். இருவரில் ஒருவர் போய்விட்டால், இருப்பவர் அரைப்புள்ளி.

"கோயில்ல நான் அரைப்புள்ளி தம்பி. அட்டையில முழுப் பேரும் வரப்போகுது" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2. வேறு வைத்தது

மருமகள் உமையாள் கோயம்புத்தூரில் ஒரு கோச்சிங் நிறுவனத்துக்கு வகுப்பு வீடியோக்களை எடிட் செய்பவள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னதும் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய சாப்ட்வேருக்கு விண்டோஸ் பத்து வேண்டும். இருப்பது ஒரே மெஷின். என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பது வழக்கம். ஒரே கூரைதான், ஆனால் மாமியாருக்கு ஓர் அடுப்பு, மருமகளுக்கு ஓர் அடுப்பு. சண்டை போட்டுப் பிரிவதில்லை, சண்டை வராமல் இருக்கவே பிரித்து வைப்பார்கள். கரண்டி முதல் அண்டா வரை என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியலும் எழுதிக் கொடுப்பார்கள்.

"ஒரே மெஷின்லயே ரெண்டும் போட்டுறலாம் ஆச்சி. ஆன் பண்ணுனா எது வேணும்னு கேக்கும். உங்களுக்கு எக்ஸ்பி, அவுகளுக்குப் பத்து" என்றேன்.

"அடடே, கம்ப்யூட்டரையும் வேறு வச்சிட்டீகளா!" என்று ஆச்சி சிரித்தார்.

உமையாளும் சிரித்தாள். "வேறு வச்சாப் பட்டியல் குடுக்கணும்ல அயித்தை? எதுல எது இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கண்ணே."

"அதெல்லாம் என் மண்டையில இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் போட்டேன். எல்லாரும் பழைய விண்டோஸை முதலில் ஏற்றி, புதியதை அப்புறம் ஏற்றுவார்கள். அதுதான் சுலபம். நான் தலைகீழாகச் செய்தேன். பத்தை முதலில் ஏற்றி, எக்ஸ்பியையும் ஆச்சியின் பக்கங்களையும் டிஸ்கின் அடுத்த பகுதியான பார்ட்டிஷனில் ஏற்றி, பூட் மெனுவைக் கையால் திருத்தினேன். எக்ஸ்பிக்கு ஏதாவது ஆனாலும் பத்து பாட்டுக்கு ஓடும் என்பது என் கணக்கு. பிறகு பத்துக்குள் போய், எக்ஸ்பி இருந்த பார்ட்டிஷனுக்கு சி, டி என்று வரும் டிரைவ் எழுத்தை எடுத்துவிட்டேன். மருமகள் பக்கமிருந்து பார்த்தால் மாமியார் பக்கம் கண்ணிலேயே படாது. லேபிளும் வைக்கவில்லை. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஆச்சி, "பேக்கப் எடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டார். எடுத்தாச்சு என்றேன். எடுத்ததும் உண்மைதான். அதே பார்ட்டிஷனில் இன்னொரு போல்டருக்குள் எடுத்து வைத்திருந்தேன். பழைய டிஸ்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் இப்படி பேக்கப் எடுப்பவன் எவனாவது இருந்தால், இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய் ஒரு பென் டிரைவ் வாங்கி வா.

3. பன்னிரண்டு மணிக்கு வந்த போன்

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட லேபில் முப்பது மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, கீழச்சிவல்பட்டி உமையாள் பேசுறேன். சி டிரைவ் நெறஞ்சு செவப்பாயிருச்சுண்ணே, வீடியோ சேவ் ஆக மாட்டேங்குது. டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல பாத்தேன். சி-க்குப் பக்கத்துலயே பேரும் இல்லாம எழுத்தும் இல்லாம ஒரு பார்ட்டிஷன் கெடக்கு. அது என்னதுண்ணே?"

நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டு மெஷினில் காலியாக ஒரு பார்ட்டிஷன் விட்டு வைத்திருந்தேன். அதுதான் ஞாபகத்தில் வந்து நின்றது.

"அது சும்மா கெடக்குறதும்மா. டெலீட் பண்ணிட்டு சி-யோட சேத்துக்கங்க."

"அயித்தையோட எக்ஸ்பி அதுல இல்லையேண்ணே?"

"அது வேற. நான்தானம்மா போட்டேன், எனக்குத் தெரியாதா?"

சரிண்ணே என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண் சரியாகத்தான் பார்த்தாள், சரியான கேள்வியைத்தான் கேட்டாள். இருபத்திரண்டு வருட அனுபவம் அவளுக்குத் தப்பான பதிலைச் சொன்னது. எல்லாரும் செய்வது போல எக்ஸ்பியை முதலில் ஏற்றியிருந்தால் மெஷினை எழுப்பும் பூட் பைல்கள் அங்கே இருந்திருக்கும், விண்டோஸே அதை அழிக்க விட்டிருக்காது. என் சொந்த முறையில் செய்ததால் இரண்டு கிளிக்கில் போய்விட்டது.

4. "நீங்க சொன்னீகளா தம்பி?"

மறுநாள் காலை ஆச்சி கூப்பிட்டார். எக்ஸ்பி வர மாட்டேன் என்கிறது என்றார். நான் சொன்னது நாச்சியாபுரத்து மெஷினை நினைத்து என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலர் பிரஸ்ஸுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

போய் உட்கார்ந்து மூன்று ரெகவரி சாப்ட்வேர் ஓட்டிப் பார்த்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து உமையாள் அந்த இடத்தில் வீடியோவாக நிரப்பியிருந்தாள். பைல் பெயர்கள் கொஞ்சம் வந்தன. திறந்தால் உள்ளே குப்பை. 'தூண்கள்', 'மேளக்காரர்', 'மடப்பள்ளி' என்று ஒவ்வொரு பெயராக நான் திறப்பதை ஆச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உமையாள் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆச்சி கேட்டார். "இந்தப் பிள்ள, நீங்க போன்ல சொல்லித்தான் அழிச்சேங்குது. நீங்க சொன்னீகளா தம்பி?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் நான் நினைத்தது என்ன தெரியுமா? அந்த ஊரில் பதினைந்து வீட்டு மெஷினை ஆச்சி சொல்லித்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் கமிட்டி மெஷினும் என்னிடம்தான். அத்தனையும் ஒரே நாளில் போய்விடுமே என்றுதான் நினைத்தேன்.

"நான் அப்படிச் சொல்லலையே ஆச்சி. அவுக வேற எதையோ கேட்டாக, நான் வேற எதுக்கோ பதில் சொன்னேன் போல. லைனும் சரியில்ல."

"அண்ணே, எக்ஸ்பி அதுல இல்லையேன்னு நான் கேட்டேன்லண்ணே?" என்றாள் உமையாள்.

"எனக்குக் கேக்கலம்மா."

ஆச்சி மருமகள் பக்கம் திரும்பினார். "வேறு வச்சும் ஒனக்கு எடம் பத்தலையா? என் எடத்தையும் எடுத்தாத்தான் நிறையுமா?" என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் பேசியதை நான் எழுத மாட்டேன். பொதுவாக அதிர்ந்து பேசுகிறவர் இல்லை ஆச்சி. உமையாள் நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்க்ரூ டிரைவர்.

5. அதற்குப் பிறகு

பன்னிரண்டு நாளில் கமிட்டியார் எதையோ சேர்த்து ஒரு மலர் கொண்டுவந்தார்கள். நன்கொடையாளர் போட்டோக்கள், வாழ்த்துரைகள், விளம்பரங்கள். தொகுப்பாசிரியர் என்று கமிட்டிக்காரர் ஒருவரின் பெயர். ஆச்சி வீட்டுக்கென்று மலரின் நன்றிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதிலும் இறந்துபோன கணவரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் குடும்பத்தார் என்று இருந்தது. அந்தப் பிரதியை என் கடை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்கள், கமிட்டி மெஷினைப் பார்த்துக்கொண்டதற்காக.

உமையாள் அந்த மாதமே கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். பதினைந்து வீட்டு வேலையும் எனக்கு நிலைத்தது. அதன் பிறகு நான் எல்லா மெஷினிலும் டிரைவுக்குப் பெயர் எழுத ஆரம்பித்தேன், வேறு டிஸ்கில் பேக்கப் எடுத்தேன், எதில் எது இருக்கிறது என்று பேப்பரில் எழுதி சிபியு பக்கவாட்டில் ஒட்டினேன். ரொம்ப ஒழுங்கான ஆள் என்று ஊரில் பெயர் வாங்கினேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கும்.

கண் பார்வை மங்கி, போன வருடம் கடையைச் சாத்தினேன். இழக்க இனி எந்தக் கஸ்டமரும் இல்லை என்று ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். கீழச்சிவல்பட்டிக்குப் போய், நடந்ததை நடந்தபடி ஆச்சியிடம் சொன்னேன்.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"புத்தகம் போனது போகட்டும் தம்பி. நான் அந்தப் பிள்ளைய என்ன பேச்சுப் பேசுனேன்! நீங்க பக்கத்துலதான நின்னீக? கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?" என்றார். பிறகு, "அது இங்குட்டு வந்து மூணு வருசம் ஆச்சு. பேரனுக்கு ரெண்டு வயசு. போட்டோவுலதான் பாத்திருக்கேன்" என்றார்.

நம்பர் வாங்கிக்கொண்டு வந்து உமையாளைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னேன். முழுவதும் சொல்லி முடித்தேன். திருப்பத்தூர் லேப், நாச்சியாபுரத்து மெஷின், நான் பயந்தது, எல்லாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"அன்னைக்கு ஆமான்னு ஒரு வார்த்தை போதும்ணே. இப்ப இவ்வளவு சொல்றீக" என்றாள். பிள்ளை அழுகிறான் என்று போனை வைத்துவிட்டாள். ஆச்சியிடம் அவள் பேசினாளா, போனாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

தம்பிகளே, டூயல் பூட் போடுங்கள், பார்ட்டிஷன் பிரியுங்கள், பேக்கப் எடுங்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அப்படியும் ஒருநாள் தப்பு வரும், இந்தத் தொழிலில் வராதவன் இல்லை. தப்பு உன்னுடையது என்றால் அந்த வீட்டுப் படியை விட்டு இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிடு. நான் இறங்கி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, போய்விட்டேன்.